ஊசி இல்லாத ஊசியிலை மரங்கள்: அந்தமான் மலைமுகட்டுக் காடுகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மலைகளில் பைன் கிடையாது, தேவதாரு கிடையாது. ஊசியிலைக் காடு என்று சுட்டிக்காட்ட ஒரு ஏக்கர்கூட அங்கே இல்லை. ஆனாலும் ஊசியிலை இனத்து மரங்கள் இருக்கின்றன. குர்ஜனும் நாங்கும் நிறைந்த அகன்ற இலைக் காட்டுக்குள் ஒன்றிரண்டாக, மற்ற மரங்களோடு மரமாக அவை ஒளிந்து நிற்கின்றன. இலையைப் பார்த்தால் அரளி என்று நினைக்கத் தோன்றுமே தவிர, பைனுக்குச் சொந்தம் என்று யாருக்கும் தோன்றாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலைகளில் ஊசியிலை இனம் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதற்கு விடை அந்தக் காட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரு மலையில் எந்தெந்தச் செடிகொடிகள் சேர்ந்து வளர்கின்றன என்பது தற்செயலாக அமைவதில்லை. வெப்பம், மழை, மண், காற்று, பக்கத்து மரத்தின் நிழல் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இப்படிச் சேர்ந்து வாழும் கூட்டத்தைத் தாவரச் சமூகம் என்கிறார்கள். இந்தியக் காடுகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தியவர்கள் சாம்பியன், சேத் என்ற இரு வனவியலாளர்கள். 1968இல் வெளிவந்த அவர்களுடைய பட்டியலைத்தான் வனத்துறைகள் இன்றும் பின்பற்றுகின்றன. அதில் ஈரமான ஊசியிலைக் காடுகளுக்கு உரிய இடம் இமயமலை. தோராயமாக 1,500 மீட்டர் முதல் 3,300 மீட்டர் வரை, நல்ல மழையும் குளிர்காலப் பனியும் உள்ள சரிவுகளில் அவை வளர்கின்றன.

அந்தக் காட்டின் அடுக்குகளை முதலில் தெரிந்துகொண்டால் அந்தமானைப் புரிந்துகொள்வது எளிது. மேற்கு இமயமலையில் உச்சி அடுக்கில் தேவதாரு, நீலப் பைன், ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபர் ஆகியவை நிற்கும். அவற்றுக்குக் கீழே உயரத்துக்கு ஏற்பப் பான், மோரு, கர்சு என்ற மூன்று வகை ஓக் மரங்கள். அவற்றோடு மேப்பிளும் சிவந்த பூப்பூக்கும் ரோடோடென்ட்ரானும் கலந்திருக்கும். இன்னும் கீழே ரிங்கால் என்ற ஒல்லி மூங்கில் புதர். தரையில் பெரணியும் பாசியும், உதிர்ந்த ஊசிகளின் மெத்தையும். அந்த ஊசிகள் மெதுவாகத்தான் மட்கும். மட்கும்போது மண்ணில் புளிப்புத் தன்மை கூடும். அந்த மண்ணைத் தாங்கும் செடிகளே அடித்தளத்தில் தங்கும். இப்படி மேலே நிற்கும் மரம் தனக்குக் கீழே யார் வாழலாம் என்பதை ஓரளவு முடிவு செய்கிறது. கிழக்கு இமயமலைக்குப் போனால் தேவதாரு மறைந்து ஹெம்லாக்கும் ஃபரும் தலைமை ஏற்கும். அடுக்குமுறை பெரிதும் மாறாது.

தமிழ் வாசகருக்குப் பைன் காடு என்றால் கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். சினிமாப் பாடல்களில் கதாநாயகனும் நாயகியும் ஓடிய அந்தக் காடு வெளிநாட்டு மரங்களை வரிசையாக நட்டு வளர்த்த தோட்டம். நீலகிரியின் பைனும் சைப்ரஸும் அப்படி வந்தவையே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்று இயற்கையாக உரிய ஊசியிலை மரம் ஒன்றே ஒன்று. நிரம்பலி என்று தென்மலைப் பகுதியில் சொல்லப்படும் அது, களக்காடு, அகத்தியமலைப் பக்கத்து மழைக்காடுகளில் அரிதாகக் காணப்படுகிறது. தாவரவியல் பெயர் நாகியா வாலிச்சியானா. இதே மரம் வடகிழக்கு இந்தியாவிலும் நிக்கோபார் தீவுகளிலும் இருக்கிறது. பொதிகை மலையும் நிக்கோபாரும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஒரு மரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பது வியப்புக்குரியது.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் கடலில் மூழ்கிய ஒரு மலைத்தொடரின் தலைகள். மியான்மரின் அரக்கான் யோமா தெற்கே கடலுக்குள் இறங்கி, ஆங்காங்கே தலைநீட்டி, சுமத்ராவை நோக்கிப் போகிறது. இந்தத் தொடரின் மிக உயர்ந்த தலை வடக்கு அந்தமானில் உள்ள சாடில் பீக், 732 மீட்டர். பெரிய நிக்கோபாரின் துல்லியர் சிகரம் 642 மீட்டர். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேயருக்கு எதிரே நிற்கும் ஹாரியட் மலை 400 மீட்டரைக்கூடத் தொடவில்லை. அதன் பெயரும் 2021இல் மணிப்பூர் மலை என்று மாற்றப்பட்டுவிட்டது. தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இவை வெறும் குன்றுகள். ஆனால் கடலிலிருந்து நேராக எழுவதால், குன்றுக்கு உரிய காட்டை மட்டும் இவை வைத்துக்கொண்டிருக்கவில்லை.

சாடில் பீக் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 33 சதுர கிலோமீட்டர். திக்லிபூருக்கு அருகே லாமியா விரிகுடாவில் கடற்கரையை ஒட்டித் தொடங்கும் பாதை, ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் உச்சியை அடைகிறது. வழியில் காடு மாறிக்கொண்டே போகும்.

கரையோரத்தில் புன்னை, புங்கம், நாட்டு வாதுமை, கடல் மொகுவா. சில கரைகளில் சவுக்கும் உண்டு. ஊசியிலை மரம் என்று பலரும் தவறாக நினைப்பது இந்தச் சவுக்கைத்தான். அதன் ‘ஊசி’ ஒன்றை எடுத்து இரண்டு விரலால் இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் போன்ற நுண்ணிய செதில்கள் வட்டமாக ஒட்டியிருக்கும். அந்தச் செதில்கள்தான் உண்மையான இலைகள். நீண்ட பச்சை இழை, குச்சி. சவுக்கு பூக்கும் தாவரம். பைனுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை தோற்றத்தோடு சரி.

கரையைக் கடந்து உள்ளே போனால், ஓரளவு வறண்ட சரிவுகளில் ஈரப்பத இலையுதிர் காடு தொடங்குகிறது. அந்தமானுக்கே உரிய படாக், வெள்ளைச் சுக்லம், கருஞ்சுக்லம், பைன்மா, திது ஆகியவை இதன் முதன்மை மரங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் இவற்றில் பல இலை உதிர்த்து நிற்கும். இதில் ‘பைன்மா’ என்ற பெயரைக் கேட்டுப் பைனோடு சேர்த்துவிடக் கூடாது. அது நம் பூமருதின் உறவு.

ஈரம் தங்கும் பள்ளத்தாக்குகளிலும் ஆழமான மண்ணிலும் பெரும் பசுமைமாறாக் காடு வளர்கிறது. இங்கே அரசன் குர்ஜன். குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரம் 40 மீட்டருக்கும் மேல், கிளையில்லாத தூணாக எழுகிறது. இமயமலையில் தேவதாரு வகிக்கும் இடம் இங்கே குர்ஜனுடையது. அதன் நிழலில் பக்கோட்டா, பூங்கு இனங்கள், காட்டுச் சாதிக்காய் எனப் பல அடுக்குகள். பிரம்புக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. டைனோகுளோவா என்ற ஏறும் மூங்கில், தானாக நிற்க முடியாமல் அடுத்த மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சிவரை போகிறது. தரைக்கு வெளிச்சம் மிகக் கொஞ்சமே எட்டும். உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கிவிடும். இமயமலை ஊசி மெத்தைக்கு இங்கே வேலையே இல்லை.

மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன. சாம்பியனும் சேத்தும் இதை மலைமுகட்டுப் பசுமைமாறாக் காடு என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். குர்ஜனிலேயே டிப்டிரோகார்பஸ் காஸ்டேட்டஸ் என்ற இனம், நாங்கு, நம் கருங்குங்கிலியத்தின் உறவான கனேரியம் மானி, ஹோப்பியா, கிராட்டாக்சிலம் ஆகியவை இந்தச் சமூகத்தின் முக்கிய உறுப்பினர்கள். நாங்கின் கடினமான மரமும் தடித்த இலையும் காற்றுக்கு ஈடுகொடுக்கின்றன. உச்சியை நெருங்கும்போது கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன, இலைகள் சிறுத்துத் தோல்போலத் தடிக்கின்றன. பட்டை தெரியாதபடி பாசி மூடுகிறது. கிளைக் கவட்டில் பெரணியும் ஆர்க்கிடும் தொற்றி வளர்கின்றன.

732 மீட்டரில் இப்படி ஒரு காடு அமைவது விசித்திரம். தமிழ்நாட்டில் இத்தகைய குட்டை மரங்களையும் பாசி போர்த்த கிளைகளையும் பார்க்க நீலகிரிச் சோலைகளுக்கு, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு, ஏறியாக வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் 6 டிகிரி அளவுக்குக் குறையும் என்ற கணக்கில், சாடில் பீக் உச்சி கரையைவிட நான்கைந்து டிகிரிதான் குளிர்ச்சி. குளிர் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. தனித்து நிற்கும் சிறிய மலையில், அதுவும் கடலை ஒட்டியதில், மேகம் மிகத் தாழ்வாகவே திரள்கிறது. பெரிய மலைத்தொடர் பகல் வெயிலை வாங்கிச் சுற்றுக்காற்றைச் சூடாக்கி மேகத்தை மேலே தள்ளும். சிறிய மலைக்கு அந்த வலு இல்லை. ஆகவே தாவர அடுக்குகள் எல்லாம் கீழ்நோக்கி நெருக்கப்படுகின்றன. இந்த விளைவை முதலில் ஆல்ப்ஸ் மலையில் கவனித்தார்கள். வெப்பமண்டலத் தீவுகளில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும். இதோடு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவக்காற்றும் முகட்டை நேராக அறைகின்றன. மழை மேல்மண்ணை அரித்துச் சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. வளம் குன்றிய மண், ஓயாத காற்று, வெயிலை மறைக்கும் மேகம் மூன்றும் சேர்ந்தால் எந்த மரமும் ஓங்கி வளராது.

மற்ற நாடுகளின் வெப்பமண்டல மலைகளில் ஊசியிலை இனம் தலைகாட்டுவது இத்தகைய இடத்தில்தான். போர்னியோவின் கினபாலு 4,095 மீட்டர் உயரம். அதன் மேல்மலைக் காட்டில் டாக்ரிடியம், ஃபில்லோகிளாடஸ் போன்ற ஊசியிலை மரங்கள் கணிசமாகக் கலந்து நிற்கின்றன. அந்தமான் அவ்வளவு உயரம் போகாததால், அங்கே இந்த இனத்தின் பங்கு மிகச் சிறியது. அந்தமானின் பசுமைமாறாக் காடுகளில் போடோகார்பஸ் நெரிஃபோலியஸ், நிக்கோபாரில் அதோடு நிரம்பலி. ஊசியிலை மரங்கள் என்று சொல்ல இவ்வளவுதான்.

போடோகார்பஸின் இலை அரளி இலையின் நீளமும் வடிவமும் கொண்டது. நடுவே ஒற்றை நரம்பு, மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் பைன் கூம்பு போல எதுவும் தொங்காது. காம்பின் நுனி சதைப்பற்றோடு வீங்கிச் சிவந்து கருஞ்சிவப்பாக மாறும். அதன் தலையில் ஒரே ஒரு விதை பச்சையாக உட்கார்ந்திருக்கும். விதை வெளியே, ‘பழம்’ கீழே என்று தலைகீழான ஏற்பாடு. சதைக்காக வரும் பறவை விதையையும் சேர்த்து விழுங்கி, வேறு இடத்தில் எச்சமிடுகிறது. நிரம்பலியின் இலை இன்னும் அகலம், நீள்வட்டம். அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுநரம்பே இருக்காது. அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பல, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும்.

இலை ஏமாற்றினாலும் கட்டை ஏமாற்றாது. படாக் மரத்தின் குறுக்கு வெட்டைக் கைலென்ஸில் பார்த்தால் நீர்க்குழாய்களின் துளைகள் தெளிவாகத் தெரியும். போடோகார்பஸ் வெட்டில் துளையே இல்லாமல் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். பூக்கும் மரங்கள் அகலமான குழாய்களில் தண்ணீரை வேகமாக மேலே கொண்டுபோகின்றன. ஊசியிலை இனத்துக்கு அந்தக் குழாய் வாய்க்கவில்லை. குறுகிய நுண்ணறைகள் வழியே தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். உறைபனிக் காலத்தில் இது ஒரு பலம், ஏனெனில் குறுகிய அறையில் காற்றுக் குமிழி அடைத்துக்கொள்ளும் ஆபத்து குறைவு. இமயமலையில் ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்க இதுவும் ஒரு காரணம். உறைபனியே இல்லாத அந்தமானில் இதே அமைப்பு பலவீனமாகிவிடுகிறது. ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் விழுந்தால், அகன்ற இலைக் கன்றுகள் சில ஆண்டுகளில் இடத்தைப் பிடித்துவிடும். ஊசியிலைக் கன்று அவ்வளவு வேகமாக வளர முடியாது.

அப்படியானால் போடோகார்பஸ் எப்படித் தாக்குப்பிடித்தது? ஊசியைக் கைவிட்டு அகன்ற இலையை வளர்த்துக்கொண்டதால், நிழலிலும் கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்க முடிகிறது. வேர்களில் மணிமணியாகச் சிறு முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றில் தங்கும் பூஞ்சை, சத்துக் குறைந்த மண்ணிலிருந்தும் பாஸ்பரஸை எடுத்துக்கொடுக்கிறது. அவசரப்படாமல் நிழலில் காத்திருந்து வளரும் மரம் இது. காட்டை ஆளும் வலு அதற்கு இல்லை, காட்டில் நீடிக்கும் வலு இருக்கிறது.

பைன் ஏன் வரவில்லை என்ற கேள்வி இன்னும் சுவையானது. வெப்பம் காரணமாக இருக்க முடியாது. மியான்மரின் தெனாசரிம் பகுதியில் பைன் தாழ்ந்த மலைகளிலேயே வளர்கிறது. தெற்கே, பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் சுமத்ராவின் ஆச்சே மாகாணம். அதன் உள்மலைகளில் மெர்குசிப் பைன் இயற்கையாகவே காடாக நிற்கிறது. இரண்டு பக்கமும் பைன் இருந்தும் நடுவில் உள்ள தீவுகளில் இல்லை.

முதல் தடை கடல். பைன் விதைக்குச் சிறகு உண்டு, காற்றில் சிறிது தூரம் போகும். நூறு கிலோமீட்டர் கடலைத் தாண்ட அது போதாது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது அந்தமான் தீவுகள் ஒன்றாக இணைந்து மியான்மர் கரையை நெருங்கின. அப்போதும் இடையில் நீர்ப்பரப்பு எஞ்சியிருந்தது என்றே கருதப்படுகிறது. இரண்டாவது தடை தீ இல்லாமை. வெப்பமண்டலப் பைன் கன்றுக்கு வெறும் தரையும் வெயிலும் வேண்டும். அவ்வப்போது தீ வந்து அகன்ற இலை மரங்களை அழித்தால்தான் அது கிடைக்கும். தடித்த பட்டையுள்ள பைன் தீயைத் தாங்கி நிற்கும். ஈரம் சொட்டும் அந்தமான் காடு எளிதில் எரியாது. ஆகவே ஏதோ ஒரு விதை தப்பித்தவறி வந்து விழுந்திருந்தாலும் முளைத்துப் பிழைக்க வழியில்லை. நடு நிக்கோபாரில் கமோர்ட்டா, நான்கவுரி, தெரெசா தீவுகளின் குன்றுகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே முகடுகளில் காடில்லை, பரந்த புல்வெளி. பைனுக்குப் பிடித்தமான திறந்தவெளி அது. இடம் தயாராக இருந்தும் விதை வந்து சேரவில்லை.

பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே காட்டின் குணமே மாறிவிடுகிறது. அந்தமானின் அரசனான குர்ஜன் நிக்கோபாரில் அறவே கிடையாது. படாக்கும் இல்லை. அந்தமான் தாவரங்கள் மியான்மரோடு உறவாடினால், நிக்கோபார் தாவரங்கள் சுமத்ராவோடும் மலேசியாவோடும் உறவாடுகின்றன. பெரிய நிக்கோபாரின் கலத்தியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் துல்லியர் சிகரச் சரிவுகளிலும் பூங்கு இனங்கள், நாவல் இனங்கள், காட்டுச் சாதிக்காய் ஆகியவை நிறைந்திருக்கின்றன. அவற்றின் கீழே நிக்கோபாருக்கே உரிய பெண்டிங்கியா நிக்கோபாரிகா என்ற பனையினமும், சயாத்தியா ஆல்போசெட்டேசியா என்ற மரப்பெரணியும் வளர்கின்றன. மரப்பெரணியின் குடை விரிந்த நிழலும், ஓடைக்கரையின் ஈரமும், பாசிப் பாறையும் சேர்ந்து பார்ப்பவருக்குப் பழங்காலக் காட்டுக்குள் நுழைந்த உணர்வைத் தரும். 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியை யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வனநிலத்தைக் கொடுக்க 2022இல் ஒப்புதல் அளிக்கப்பட்டதும் தெரிந்ததே.

இந்தக் காடுகளைப் பற்றிய முறையான தாவரவியல் பதிவு சல்பிஸ் குர்ஸிலிருந்து தொடங்குகிறது. 1866இல் அந்தமானுக்கு வந்த அவர், 1870இல் தம் அறிக்கையை வெளியிட்டார். 1923இல் வனத்துறை அதிகாரி பார்க்கின்சன் அந்தமான் காட்டுத் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கினார். 1972இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கிளை போர்ட் பிளேயரில் தொடங்கிய பிறகு பணி விரைந்தது. 1883இல் வனத்துறை அமைந்ததிலிருந்து மரம் வெட்டும் வேலையில் பர்மியத் தொழிலாளர்கள் பெரும்பங்கு வகித்தார்கள். படாக், பைன்மா, திங்கன் போன்ற மரப்பெயர்கள் அவர்கள் விட்டுப்போனவை. போடோகார்பஸுக்கும் தித்மின் என்ற பர்மியப் பெயரே வழங்குகிறது. ஆனால் சந்தையில் மதிப்புப் பெற்றவை குர்ஜனும் படாக்கும்தான். அங்கொன்று இங்கொன்றாக நிற்கும் மரத்தைத் தேடி யாரும் முகடு ஏறவில்லை. மலைமுகட்டுக் காடு பிழைத்ததற்கு அதன் குட்டை மரங்களும் கரடுமுரடான ஏற்றமும் காரணம். சட்டப் பாதுகாப்பு பின்னால்தான் வந்தது. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, வணிகத்துக்காக மரம் வெட்டுவது தீவுகளில் பெருமளவு நின்றுபோனது.

கோடரி ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள், புலியோ சிறுத்தையோ இல்லாத அந்தமானில் தடையில்லாமல் பெருகின. கடலை நீந்தித் தீவுவிட்டுத் தீவு பரவின. அவை மேயும் இடங்களில் காட்டின் அடியடுக்கு காலியாகிறது, மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை. மெதுவாக வளரும் கன்றுக்கு இது கூடுதல் ஆபத்து, மானின் வாய்க்கு எட்டாத உயரத்தை அடைய அதற்கு அதிக ஆண்டுகள் ஆகும்.

முகட்டுக் காடு தீவுவாசிகளுக்குச் செய்யும் உதவி நேரடியானது. பாசியும் தொற்றுச்செடிகளும் மேகத்தின் ஈரத்தை வாங்கிச் சொட்டவிடுகின்றன. சாடில் பீக் சரிவுகளில் பிறக்கும் கல்பாங் ஆறு வறண்ட மாதங்களிலும் திக்லிபூர் பக்கத்துக்கு நீர் கொடுக்கிறது. அதில் 5.25 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையமும் இயங்குகிறது. வெப்பம் கூடிக்கொண்டே போனால் மேகம் திரளும் மட்டம் மேலே நகரும். இமயமலையில் ஒரு தாவரச் சமூகத்துக்கு அப்போது ஏறிப்போக இன்னும் உயரம் இருக்கும். சாடில் பீக்கின் மலை 732 மீட்டரோடு முடிந்துவிடுகிறது.